தொழிற்கூடத்தில் உண்மை பேச ஓர் இடம்

(கோவையில் சிறுதொழில் முனைவோரின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பணி நெருக்கடிக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் இணை இயக்குநர் அவர்களே, மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் அவர்களே, சங்கத்தின் முன்னாள் தலைவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, பின்வரிசையில் நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முன்னாள் தலைவர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். மின்வெட்டு நாளெல்லாம் வாட்டிய காலத்தில் சிறு பட்டறைக்காரர்களைத் திரட்டி, அதிகாரிகளின் வாசலில் போய் நின்று பேசியவர். அவருக்கு என் தனி வணக்கம். இணை இயக்குநர் அம்மா அவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும், நான் பேசி முடிக்கும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இருப்பது எனக்கு முக்கியம். ஏன் என்று கடைசியில் தெரியும். இந்த மேடையை எனக்குக் கொடுத்த செயலாளருக்கும், காலையிலிருந்து ஓடியாடி வேலை செய்யும் விழாக்குழுவினருக்கும் நன்றி.

வேலை செய்யும் இடத்தில் மனம்விட்டுப் பேசுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். மேலே இருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பது ஒன்று. கீழே இருப்பவர் எப்படிச் சொல்ல வேண்டும் என்பது இரண்டு. சொன்னதும் கேட்டதும் லாப நட்டக் கணக்கில் எப்படித் தெரியும் என்பது மூன்று.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். தொழிலாளர் கூட்டங்களில் முதலாளிகள் இந்தப் பழமொழியை எடுத்துச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 'பிரச்சினை இருந்தா வாயைத் திறந்து சொல்லுங்கப்பா, அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்' என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அழுதால் அடி விழும் என்று தெரிந்த வீட்டில் எந்தப் பிள்ளை அழும்? பசித்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் படுத்திருக்கும். வீடு அமைதியாக இருக்கிறதே என்று தாயும் மகிழ்ந்துபோவாள்.

அப்படி அமைதியாக இருந்த ஒரு பெரிய வீட்டின் கதையைச் சொல்கிறேன். வீட்டின் பெயர் ஃபோர்டு மோட்டார் நிறுவனம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்ற ஊரில் அதன் தலைமையகம். 2006 செப்டம்பரில் ஆலன் முலாலி என்பவர் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதுவரை போயிங் நிறுவனத்தில் விமானம் கட்டிக்கொண்டிருந்தவர். கார் தொழிற்சாலையில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. இவருக்கு இங்கே என்ன தெரியும் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த ஆண்டு ஃபோர்டு சந்தித்த நஷ்டம் எவ்வளவு தெரியுமா? 1,200 கோடி டாலருக்கும் மேல்! நூற்றாண்டு கண்ட நிறுவனம், வாசலில் கடன்காரன் நிற்கும் நிலை.

முலாலி வந்ததும் ஓர் ஏற்பாடு செய்தார். வாரந்தோறும் வியாழக்கிழமை காலை, உலகமெங்கும் உள்ள ஃபோர்டின் பெரிய அதிகாரிகள் எல்லாரும் ஒரே கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் தம் துறை நிலவரத்தை வண்ணத்தில் காட்ட வேண்டும். வேலை திட்டப்படி நடந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், சிக்கலில் நின்றால் சிவப்பு. அவ்வளவுதான்.

முதல் வாரம் கூட்டம் நடக்கிறது. எல்லாம் பச்சை. அடுத்த வாரம் பச்சை. அதற்கடுத்த வாரமும் பச்சை. பக்கத்தைப் புரட்டப் புரட்டப் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. கணக்கைப் பார்த்தால் நிறுவனம் ஆயிரம் கோடி டாலர் கணக்கில் பணத்தை இழந்துகொண்டிருக்கிறது. முலாலி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், இவ்வளவு பணம் போய்க்கொண்டிருக்கிறதே, சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று. யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். எத்தனையோ ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், பெரும் சம்பளம் வாங்குபவர்கள். ஆனால் அந்த வீட்டில் அழுதவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள். குறையைச் சொன்னவன் நாற்காலி அடுத்த மாதம் இருக்காது. அது அங்கே பழகிப்போன வழக்கம்.

அப்போது அமெரிக்கப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மார்க் ஃபீல்ட்ஸ். கனடாவில் ஓக்வில் என்ற ஊரில் உள்ள ஆலையில் 'எட்ஜ்' என்ற புதிய வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. சந்தைக்குப் போக வேண்டிய நேரம். பின்கதவில் ஒரு கோளாறு. காரணம் பிடிபடவில்லை. வண்டிகளை வெளியே அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். நம்மில் எத்தனை பேர் டெஸ்பாட்ச் தேதி நெருங்கும்போது சரக்கை நிறுத்தியிருக்கிறோம்? அந்த வயிற்றெரிச்சல் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஃபீல்ட்ஸ் அதோடு நிற்கவில்லை. அந்த வியாழக்கிழமை கூட்டத்தில் 'எட்ஜ்' வண்டிக்கு நேராகச் சிவப்பைப் போட்டுக் காட்டினார்.

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். இவர் கதை முடிந்தது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. முலாலி கைதட்டினார்! நிலைமையை இவ்வளவு தெளிவாகக் காட்டியதற்குப் பாராட்டிவிட்டு, சுற்றிலும் பார்த்து, மார்க்குக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். யார் செய்த தப்பு என்று கேட்கவில்லை, கவனியுங்கள். தரப்பிரிவுக்காரர் ஒருவர் முன்வந்தார். வடிவமைப்புப் பக்கத்திலிருந்தும் உதவி வந்தது. அதுவரை தனக்குத்தானே பச்சை பூசிக்கொண்டிருந்தவர்கள், அடுத்தவரின் சிவப்பைத் துடைக்கக் கை கொடுத்தார்கள்.

அதன்பிறகும் மற்றவர்கள் உடனே மாறிவிடவில்லை. கைதட்டல் நாடகமாக இருக்குமோ என்ற சந்தேகம். அடுத்த வாரமும் ஃபீல்ட்ஸ் அதே பதவியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். அப்புறம் மஞ்சளும் சிவப்புமாக வரத் தொடங்கின. அன்றைக்குத்தான் அந்த நிறுவனத்துக்குத் தன் உண்மை நிலவரம் தெரிந்தது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி அரசாங்கப் பணத்தில் மீண்டன. ஃபோர்டு அந்த மீட்புப் பணத்தை வாங்கவில்லை. 2010-ல் 600 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டியது. 2014-ல் முலாலி ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு வந்தவர் யார்? அதே மார்க் ஃபீல்ட்ஸ்.

கைதட்டல் மட்டுமே ஃபோர்டைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது பொய். 2006 கடைசியிலேயே ஆலைகளையும், நீல நீள்வட்டத்துக்குள் இருக்கும் அந்தப் பெயர்ச் சின்னத்தையும்கூட அடமானம் வைத்து, 2,300 கோடி டாலருக்கு மேல் கடனுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். உண்மை பேசினால் சந்தை நிரந்தரமாக வசப்பட்டுவிடும் என்பதும் இல்லை. நம் மறைமலை நகரில் அதே நிறுவனத்தின் ஆலை 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஒன்று உறுதி. கடன் வாங்கிய பணத்தை எந்த ஓட்டையை அடைக்கச் செலவிடுவது என்று தெரிய வேண்டுமென்றால், ஓட்டை எங்கே என்று சொல்ல ஆள் வேண்டும்.

இது பெரிய நிறுவனத்துக் கதை, நம் பட்டறைக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பவுண்டரியில், அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறையில், நான் பார்த்தது இது. பம்ப் கேசிங் வார்க்கிற இடம். சுவரோரமாக ரிஜெக்ஷன் காஸ்டிங்குகள், தேறாதென்று ஒதுக்கிய வார்ப்புகள், ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. எதை எடுத்துப் பார்த்தாலும் உள்ளே புளோ ஹோல், குமிழி ஓட்டை. கெமிக்கலை மாற்றிப் பார்த்துவிட்டார்கள், உலோகத்தின் சூட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். சரியாகவில்லை. மணலில் அச்சு எடுக்கும் மோல்டிங் பக்கம் ஒரு பீகார்த் தம்பி வேலை செய்துகொண்டிருந்தார், ஒப்பந்தக்காரரின் ஆள். அரைகுறை இந்தியில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி விரித்துக் காட்டினார். மணல் உதிராமல் கையோடு ஒட்டி நின்றது. 'பானி ஜ்யாதா' என்றார். தண்ணீர் அதிகம். மணலில் ஈரம் கூடினால் வார்க்கும்போது நீராவி எழும்பும், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குமிழியாக நிற்கும். பவுண்டரிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அந்தத் தம்பிக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் ஒருமுறை சொன்னாராம், 'உன் வேலையைப் பாரு' என்று பதில் வந்ததாம். அழுத பிள்ளைக்குக் கிடைத்த பால் அது. சுவரோரம் கிடந்த காஸ்டிங்குகளின் கரண்ட் செலவை, கூலியைக் கணக்கிட்டால் அந்த ஒரு சொல்லின் விலை தெரியும். என் மூன்றாவது செய்தியும் இதற்குள் அடங்கிவிட்டது.

விலை எப்போதும் பணமாகவே இருப்பதில்லை. 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்துக்கு ராக்கெட் செய்துகொடுத்த நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஸ்ஜோலியும் தோழர்களும், இந்தக் குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் விறைத்துவிடும், நாளை ஏவாதீர்கள் என்று தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடினார்கள். அவர்களின் மேலாளர் ஒருவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்று உயர் அதிகாரி சொன்னார். மறுநாள், ஏவிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு உயிர் போயிற்று.

நம் நாட்டில் போபால். 1981 டிசம்பரில் அங்கிருந்த யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயுக் கசிவில் ஒரு தொழிலாளி இறந்தார். தொழிற்சங்கங்கள் போராடின. 1982-ல் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த ஆய்வுக் குழுவே குறைகளை எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். அழவில்லையா? அழுதார்கள். ஊரே கேட்கும்படி அழுதார்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கத்திலேயே மூச்சுத் திணறினார்கள்.

இதற்குப் பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்ந்தன. ஆபத்தான தொழில்களில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்றது 41-ஜி. உயிருக்கு ஆபத்து நெருங்குவதாக நியாயமான அச்சம் இருந்தால் நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று தொழிலாளிக்கு உரிமை கொடுத்தது 41-எச். நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியே தீர வேண்டும், அவர் சொல்வதே முடிவு என்றும் அது சொன்னது. ஆபத்தான தொழில்களின் பட்டியலில் பவுண்டரியும் உண்டு என்பதை இந்த ஊரில் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால், நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த பணிக்குழு அமைக்க அரசு உத்தரவிடலாம் என்பது 1947-ன் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இருந்தது. 2020-ன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. கூடவே 20 பேர் இருந்தாலே குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டும் என்றும், அதில் பெண்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்றும் அது சொல்கிறது.

காகிதத்தில் குழு இருக்கிறது ஐயா. நோட்டில் கையெழுத்தும் இருக்கிறது. பல இடங்களில் கூட்டம்தான் நடப்பதில்லை. நடந்தாலும் கேன்டீன் டீ, யூனிஃபார்ம் துணி என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். மணலில் ஈரம் இருப்பதைச் சொல்ல அங்கே இடமில்லை. அதைவிடக் கொடுமை, அந்த மணலைத் தொட்டு வேலை செய்கிறவருக்கே அந்த அறையில் நாற்காலி இல்லை. அவர் ஒப்பந்தத் தொழிலாளி, நம் சம்பளப் பட்டியலில் வராதவர். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர், ஆபத்தை முதலில் பார்ப்பவர் அவர், அவரை வெளியே நிறுத்திவிட்டு நாம் யாரிடம் உண்மையைக் கேட்கப் போகிறோம்?

தொழிலாளி எப்படிச் சொல்ல வேண்டும் என்ற இரண்டாவது செய்திக்கு நேரம் இல்லை. நேரம் இருந்திருந்தாலும், இன்றைக்கு அதைவிட நான் இப்போது வைக்கப்போகும் தீர்மானமே அவசரம் என்று கருதுகிறேன்.

இந்தச் சங்கத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். நம் உறுப்பினர்களின் ஆலைகளில் மாதம் ஒருமுறை, ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே, சம்பளப் பிடித்தம் இல்லாமல் குழுக் கூட்டம் நடக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அதில் இடம் கொடுக்க வேண்டும். வெளிமாநிலத்தவர் இருந்தால் அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். யார் என்ன சொன்னார், அதற்கு என்ன செய்யப்பட்டது என்பதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். குறையைச் சொன்னவரை அடுத்த மூன்று மாதத்துக்குள் வேறு ஷிப்டுக்கோ வேறு பிரிவுக்கோ மாற்றுவதானால், காரணத்தை அதே குழுவில் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

இணை இயக்குநர் அம்மா அவர்களை இருக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆய்வுக்கு வரும் தங்கள் அலுவலர்கள் குழுவின் நோட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், குழுவில் உள்ள தொழிலாளி ஒருவரைத் தனியே அழைத்து, கடைசியாக என்ன பேசினீர்கள் என்று கேட்கும்படி அறிவுறுத்த வேண்டும் என்று இந்த மேடையில் வேண்டிக்கொள்கிறேன். தீர்மானத்தின் நகல் செயலாளரிடம் இருக்கிறது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பொதுக்குழு கூடும்போது, தலைவர் அவர்கள் அதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள ஒப்புதல் தந்திருக்கிறார். உறுப்பினர்கள் யாரும் கிளம்பிவிடாமல் இருந்து கையெழுத்திட வேண்டும். நன்றி, வணக்கம்.