இடது பக்கம் தேய்ந்த ரெகாரோ சீட்

வணக்கம். சத்தம் சரியாகக் கேட்கிறதா? மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன், அதனால் வியர்த்து வழிந்தால் கண்டுகொள்ளாதீர்கள். இன்றைக்கு எங்கேயும் வண்டி ஓட்டவில்லை. வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் உட்கார்ந்திருப்பது கார் சீட்டில்.

இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். தெரிகிறதா? கீழே இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து, உருளைச் சக்கரம் போட்டு, எடிட்டிங் நாற்காலி ஆக்கிவிட்டேன். பழைய சாமான் கடையில் வாங்கியது. ஹெட்ரெஸ்டுக்குக் கீழே ‘ரெகாரோ’ என்று தையல் இருக்கிறது, கார் சீட்டுக்குப் பேர்போன ஜெர்மன் பிராண்டு. இந்தப் பெயரைத் தைத்த போலி உறைகள் நிறைய சுற்றுவதால், அசல்தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் இந்த இடது விளிம்பைப் பாருங்கள். தொடைக்குப் பக்கத்தில் மேடாக இருக்கிறதே, போல்ஸ்டர், அது. துணி நைந்து, உள்ளே மஞ்சள் ஃபோம் எட்டிப் பார்க்கிறது. வலது விளிம்பு புதிதாகவே இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் கதவுப் பக்க விளிம்பில்தான் உடம்பு உரசும். நம் ஊர் ஓட்டுநர் வலது கதவு வழியாக ஏறுகிறவர். அப்படியானால் இது இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டிலிருந்து வந்த சீட்! என்று துள்ளிக் குதித்தேன். “நம் ஊர் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் எந்தப் பக்கம்டா ஏறுவார்?” என்று நண்பன் கேட்டான். வாயை மூடிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே நண்பன் கேட்ட இன்னொரு கேள்விதான் இந்த வீடியோ. “ரெகாரோ திவாலாகிவிட்டதாமே, அப்புறம் எப்படி இன்னும் சீட் வருகிறது?”

1906-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வில்ஹெல்ம் ராய்ட்டர் என்பவர் ஒரு பட்டறை தொடங்கினார். அவர் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலில் வந்தவர். பட்டறையின் வேலை கார்களுக்கு உடல் கட்டுவது, அதாவது பாடி. இரண்டாம் உலகப் போர் முடிந்து, போர்ஷே 356 கார் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தபோது அதற்கு பாடி கட்டிக் கொடுத்தது இந்த ராய்ட்டர் நிறுவனம்தான். அப்போது போர்ஷேக்குச் சொந்தமாகப் போதிய இடம்கூட இல்லை. 1950-இல் ஸ்டுட்கார்ட்டின் ட்ஸுஃபன்ஹவுசன் பகுதியில் ராய்ட்டரின் கூடத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துத்தான், பாகங்களைப் பூட்டிக் காரை முடித்தார்கள்.

வாடகைக்கு வந்தவரே வீட்டை வாங்குவார் இல்லையா, அதுதான் நடந்தது. 1963-இல் பாடி தொழிற்சாலையைப் போர்ஷே வாங்கிக்கொண்டது. ராய்ட்டர் பக்கம் மிஞ்சியது சீட் வேலை. பழைய பெயரிலிருந்து ‘ரெ’யும், பாடி என்று பொருள்படும் ‘கரோசரி’ என்ற சொல்லிலிருந்து ‘கரோ’வும் எடுத்து ரெகாரோ என்று வைத்தார்கள். ராய்ட்டரில் எங்கே ‘ரெ’ என்று கேட்காதீர்கள், ஜெர்மன்காரர்கள் எழுதுவது ஒன்று, உச்சரிப்பது ஒன்று. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: பாடி கைவிட்டுப் போன பிறகு வைத்த பெயரில், பாடி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

1965-இல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் சீட் வந்தது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது, தட்டையான சீட்டில் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். கை வேலை செய்ய வேண்டிய நேரத்தில் கையே உடம்பைத் தாங்குகிறது. இரண்டு பக்கமும் போல்ஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் கை தன் வேலையைப் பார்க்கும். இப்போது நான் சாய்ந்து காட்டுகிறேன், பாருங்கள்... நாற்காலிதான் உருளுகிறது, நான் அசையவில்லை.

அதற்குப் பிறகு கார் சீட் தொழில் கைமாறிக்கொண்டே போனது. 1969-இல் கைப்பர் என்ற நிறுவனம் வாங்கியது. சீட்டின் சாயும் முதுகுக்கான இரும்புப் பூட்டு செய்வதில் கெட்டிக்காரர்கள். 2011-இல் கார் சீட் பிரிவு அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸுக்குப் போனது. அவர்கள் 2016-இல் தங்கள் சீட் தொழிலை அடியன்ட் என்று தனியாகப் பிரித்தார்கள். 2020-இல் அடியன்ட் இதை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது.

2024 ஜூலையில் திவால் மனு. மனு போட்டது கிர்க்ஹைம் உன்டர் டெக் என்ற ஊரில் இருந்த ரெகாரோ ஆட்டோமோட்டிவ் மட்டும். விமான சீட் செய்யும் ரெகாரோ ஷ்வேபிஷ் ஹால் ஊரில் இருக்கிற வேறு நிறுவனம், அதற்கும் இந்த மனுவுக்கும் சம்பந்தமில்லை. ஜப்பான், அமெரிக்கக் கிளைகளையும் இந்தத் திவால் தொடவில்லை. 2025 தொடக்கத்தில் இத்தாலியின் புரோமா குழுமம் ஐரோப்பியத் தொழிலை எடுத்துக்கொண்டது. நண்பா, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: சீட் தொழில் இத்தாலிக்குப் போனது, கிர்க்ஹைமில் தையல் நின்றது. வேலை பார்த்தவர்கள் சுமார் 215 பேர். பிராண்டு பிழைத்துக்கொண்டது என்று செய்திகளில் சந்தோஷமாகச் சொன்னார்கள். அந்த 215 பேரில் யாருக்கு அது சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா கதவைத் தட்டுகிறார். வா அம்மா, வந்து உட்கார்ந்து பார். நான் எழுந்திருக்கிறேன்... எப்படி இருக்கிறது?

“கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கையைக் கொடுடா, எழுந்திருக்க முடியவில்லை.”

இருங்கள், கேமராவை வைத்துவிட்டு வருகிறேன்.