கடைசி இடத்தில் இருந்த அணி

அவையோருக்கு வணக்கம்.

2019 ஜனவரி 3ஆம் தேதி காலையில், வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கித் தொடரான தேசிய ஹாக்கி லீக்கின் புள்ளிப் பட்டியலில் மொத்தம் 31 அணிகள். அவற்றுள் கடைசி இடத்தில் இருந்தது செயின்ட் லூயிஸ் புளூஸ். அதே அணி ஜூன் 12ஆம் தேதி, அந்த லீக்கின் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. இதை அதிசயம் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதிசயம் என்று சொல்லிவிட்டால், பாடுபட்டவர்களுக்கு என்ன மரியாதை?

நவம்பரில் பயிற்சியாளர் மைக் யோ நீக்கப்பட்டு, கிரெய்க் பெரூபி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். உடனே எதுவும் மாறிவிடவில்லை. டிசம்பரில் பயிற்சிக்களத்திலேயே சக வீரர்கள் இருவர் அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் நிர்வாகம் பதறிப்போய் அணியைக் கலைக்கவில்லை. இந்தப் பொறுமையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ கதையின் வேரே அதுதான் என்று படுகிறது.

அடுத்து ஜோர்டன் பின்னிங்டன். 2011இல் தேர்வான கோல்கீப்பர். 25 வயதாகியும் சிறிய லீக்குகளிலேயே காலம் தள்ளியவர். முந்தைய பருவத்தில் அவரை இன்னொரு அணியின் கிளை அணிக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். அந்த இன்னொரு அணி பாஸ்டன் புரூயின்ஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். ஜனவரி 7ஆம் தேதி பிலடெல்பியாவுக்கு எதிராக முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடினார். ஒரு கோல்கூட விடவில்லை. பிறகு அணி தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்றது. 99 புள்ளிகளோடு, கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அதில் ஒவ்வொரு எதிரணியோடும் அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள்; நான்கை முதலில் வெல்லும் அணி முன்னேறும்.

வின்னிபெக்கையும் டல்லாஸையும் தாண்டி, அரையிறுதியில் சான் ஹோசேயைச் சந்தித்தார்கள். மூன்றாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. எதிரணி வீரர் ஒருவர் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாகப் பயன்படும் வட்டத் தட்டை, கையால் தட்டிச் சக வீரருக்கு அனுப்பினார். விதிப்படி அங்கேயே ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நடுவர்கள் நால்வரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கோல் விழுந்தது, வீடியோவில் சரிபார்க்கவும் அன்றைய விதியில் இடமில்லை. அநியாயமான தோல்விதான். அதையே பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பருவம் அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள்: 2-1, 5-0, 5-1. கோப்பை அந்த மூன்று ஆட்டங்களில்தான் கைக்கு வந்தது என்பேன்.

இறுதிப் போட்டியில் எதிரே நின்றது பாஸ்டன். ஏழாவது ஆட்டம், அவர்கள் சொந்த ஊரில். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவதில் பாஸ்டன் 12 முறை கோலை நோக்கி அடித்தது. பின்னிங்டன் பன்னிரண்டையும் தடுத்தார். புளூஸ் அடித்தது நான்கே முறை, அதில் இரண்டு கோல். முதலாவது ரையன் ஓரெய்லியுடையது. பகுதி முடிய எட்டு விநாடி இருக்கும்போது இரண்டாவதைப் போட்டவர் அணித்தலைவர் அலெக்ஸ் பியட்ராஞ்சலோ. முடிவு 4-1. 1967இல் தொடங்கிய அணிக்கு அதுவே முதல் ஸ்டான்லி கோப்பை.

கோப்பையை வாங்கிய பியட்ராஞ்சலோ அதை முதலில் யாரிடம் கொடுத்தார் தெரியுமா? ஜே போமீஸ்டரிடம். 35 வயதுத் தடுப்பாட்டக்காரர். 2002 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும் அதுவரை ஒருமுறைகூட ஸ்டான்லி கோப்பையை வெல்லாதவர். கோல் போட்ட நாயகர்கள் அத்தனை பேர் பக்கத்தில் நிற்க, ஓசையில்லாமல் உழைத்த அந்த மூத்தவரைத்தான் அணித்தலைவர் தேடிப் போனார்.