ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ்: குரல் ஒட்டினது ரத்தத்தாலயா, பயிற்சியாலயா?

அடுத்த கேள்வி. "ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் கூடப்பிறந்தவங்கங்கிறதாலதான் அவங்க குரல் அப்படி ஒட்டுச்சா? வேற யாரும் அப்படிப் பாட முடியாதா? அவ்வளவு ஓடின குழு ஏன் உடைஞ்சுது?" நல்ல கேள்வி. ரெண்டு பாதிக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. நடுக்குரல்ல.

ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ்ங்கிறது மூணு அக்கா தங்கச்சிங்க சேர்ந்து பாடின பாட்டுக் குழு. மூணு பேரும் அமெரிக்காவுல மினியாபொலிஸ்காரங்க. மூத்தவங்க லவேர்ன், 1911-ல பிறந்தவங்க. அடுத்து மாக்ஸீன், 1916. கடைசித் தங்கச்சி பேர் பேட்டி (Patty), 1918. பாட்டோட மெட்டைப் பாடுறது பேட்டி, அதுதான் நடு. அதுக்கு மேல மாக்ஸீன், கீழ லவேர்ன். நிறைய பேர் மேல கேக்குற குரல்தான் மெட்டுன்னு நினைச்சுக் கேப்பாங்க. இந்தக் குழுவுல அப்படிக் கேட்டா பாட்டே பிடிபடாது.

ஸ்வரத்துலயே சொல்றேன். பேட்டி 'க'-வுல நிக்கிறாங்கன்னு வைங்க. மேல மாக்ஸீன் 'ப', கீழ லவேர்ன் 'ஸ'. மூணும் ஒரு ஸ்தாயிக்குள்ள நெருக்கமா அடங்கிடும். இப்போ மெட்டு 'ரி'-க்கு இறங்குது. மேல 'ம', கீழ 'நி' வரும். இது 'ப நி ரி ம'ங்கிற நாலு ஸ்வரக் கூட்டு, ஆனா பாட மூணு பேர்தான். அதனால ஆதாரமான 'ப'-வை விட்டுடுவாங்க, அதை டபுள் பேஸ்ங்கிற பெரிய கீழ்ஸ்தாயி தந்தி வாத்தியம் வாசிக்கும். அதனாலதான் பாடுறவங்க மூணு பேரா இருந்தும் இசை நிறைஞ்சு கேக்குது. இந்த அமைப்புகளை எழுதினதுல பெரிய பங்கு அவங்களோட இசை அமைப்பாளர் விக் ஷோனுக்கு. மூணு குரலை மூணு டிரம்பெட் மாதிரி வெட்டி வெட்டி நிறுத்துவார்.

இதுல ரத்தத்துக்கு என்ன பங்கு? ஒரே வீட்டுல பேசிப் பழகினவங்களுக்கு உயிரெழுத்தை வாயைத் திறந்து சொல்ற அளவு ஒத்துப் போகும். அது பெரிய உதவி, மறுக்க முடியாது. ஒருத்தர் 'ஆ'-வை அகலமாவும் இன்னொருத்தர் குவிச்சும் சொன்னா, சுருதி சரியா இருந்தாக்கூட சேராது. நிறைய குழுக்கள் சுருதியைத் திருத்தித் திருத்திக் களைச்சுப் போறது இங்கதான். பழுது சுருதியில இல்ல, வாய்த் திறப்புல.

மத்ததெல்லாம் பயிற்சி. சின்ன வயசுல நியூ ஆர்லியன்ஸ்காரங்களான பாஸ்வெல் சிஸ்டர்ஸ்ங்கிற இன்னொரு சகோதரிகள் குழுவோட ரெக்கார்டுகளைக் கேட்டு, அவங்க உச்சரிப்பைக் கூட அப்படியே பாடிப் பழகினாங்க. 1930-களோட தொடக்கத்துலயே ஊர் ஊரா மேடைக் குழுக்களோட சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. டெக்கா ரெக்கார்டு கம்பெனிக்காக 1937 நவம்பர்ல 'பை மிர் பிஸ்ட் டூ ஷேன்' பதிவாகுறப்போ பேட்டிக்கு வயசு 19, ஆனா அதுக்குள்ள கைவசம் பல வருஷ மேடை அனுபவம். அது ஷோலம் செக்குண்டா மெட்டமைச்ச இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசின மொழி) பாட்டு. சாமி கானும் சால் சாப்ளினும் இங்கிலீஷ் வரிகள் எழுதினாங்க. அந்தப் பாட்டோட மூணு சகோதரிகளோட வாழ்க்கையே மாறிடுச்சு.

அக்கா தங்கச்சி இல்லாதவங்க முயற்சி பண்ணணும்னா இப்படிப் பண்ணுங்க. முதல்ல வரியே இல்லாம ஒரே உயிரெழுத்துல மூணு பேரும் பாடுங்க. அது ஒட்டின பிறகு வார்த்தை. வார்த்தை முடிவுல 'ஸ்' வந்தா ஒருத்தர் மட்டும் சொல்லணும், மத்த ரெண்டு பேரும் விட்டுடணும். இல்லன்னா மூணு பாம்பு சீறின மாதிரி இருக்கும். மூச்சு எங்க எடுக்கணும்னு தாள்ல குறிச்சு வைங்க. நீட்டி நிறுத்துற கூட்டுல குரல் அசைவு வேண்டாம், மூணு பேர் அசைவும் மூணு வேகத்துல போனா சுருதி கலங்கிடும். அப்புறம் ஒரே மைக்னா சத்தத்தைத் தொண்டையால குறைக்காதீங்க, தூரத்தால குறைங்க. தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபெல் இறங்கும். மெட்டுப் பாடுறவர் மைக்குக்கு ஒரு அடியில, மத்தவங்க அதைவிடக் கொஞ்சம் தள்ளி.

இப்போ ரெண்டாவது பாதி. ரெண்டாம் உலகப் போர்க்காலத்துல உச்சத்துல இருந்தாங்க. 1941-ல 'பூகி வூகி பியூகிள் பாய்', 1945-ல 'ரம் அண்ட் கோகோ கோலா', பாடகர் பிங் கிராஸ்பியோட சேர்ந்து வரிசையா வெற்றிகள். 1948-ல அம்மாவும் 1949-ல அப்பாவும் இறந்துட்டாங்க. சொத்துத் தகராறு வந்துச்சு. குழுவோட பியானோக்காரர் வால்டர் வெஷ்லர் பேட்டியோட கணவர், பேட்டிக்கு மேனேஜரும் ஆனார். 1950-களோட தொடக்கத்துல பேட்டி தனியாப் பாடப் போயிட்டாங்க.

மாக்ஸீனும் லவேர்னும் ரெண்டு பேரா மேடை ஏறிப் பார்த்தாங்க, நிலைக்கல. காரணம் திறமைக் குறைவு இல்ல. பழைய அமைப்புல 'ப'-வும் 'ஸ'-வும் மட்டும் மிச்சம் இருந்தா நடுவுல 'க' எங்க? மெட்டே அங்கதானே இருந்துச்சு. பேட்டிக்கு நேர் எதிரான கஷ்டம்: மெட்டு கையில இருக்கு, ஆனா அந்தக் குரலை எல்லாரும் ரெண்டு குரல்களுக்கு நடுவுல வச்சே கேட்டுப் பழகிட்டாங்க. 1956-ல திரும்பச் சேர்ந்தாங்க. ஆனா அதுக்குள்ள ரேடியோவுல ராக் அண்ட் ரோல் வந்தாச்சு.

1967-ல லவேர்ன் புற்றுநோயால காலமானாங்க. ஜாய்ஸ் டியங்னு ஒரு பாடகியைக் கீழ்க்குரலுக்குச் சேர்த்துப் பாடினாங்க, 1968-ல அதுவும் நின்னுடுச்சு. 1973-ல பாடகி பெட் மிட்லர் 'பூகி வூகி'யைப் பாடி மறுபடி பேச வச்சாங்க. அடுத்த வருஷம் நியூயார்க் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில 'ஓவர் ஹியர்' நாடகத்துல பேட்டியும் மாக்ஸீனும் சேர்ந்து நடிச்சாங்க. அதுலயும் மூணாவது குரலா வேற ஒரு நடிகையைப் போட வேண்டியிருந்துச்சு.