ஜீப் கூரையில் தோசைக்கல்! ஃபைபர் கூரை வண்டியில் ரேடியோ ஏன் படுத்துவிடுகிறது?

(காட்சி: துணிக்கூரை ஜீப். மேலே கயிற்றால் கட்டிய இரும்புத் தோசைக்கல். கல்லின் நடுவில் காந்த ஆன்டெனா.)

வணக்கம் நண்பர்களே! நீங்கள் பார்ப்பது கிராஃபிக்ஸ் இல்லை. மேலே இருப்பது எங்கள் வீட்டுத் தோசைக்கல்தான். அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவர் இந்த வீடியோவைப் பார்ப்பதற்குள் கல்லைக் கழுவி அடுப்படியில் வைத்துவிட வேண்டும்.

நண்பன் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான லைசென்ஸ் வைத்திருப்பவன். காரில் நன்றாக வேலை செய்த அதே ஆன்டெனாவைக் கழற்றி இந்த ஜீப்புக்குக் கொண்டுவந்தான். துணியில் காந்தம் ஒட்டுமா? டேப் போட்டு ஒட்டினான். பேசினால் அந்தப் பக்கம் வெறும் கரகரப்பு. கல்லை வைத்த பிறகு, "இப்போ கேட்குதுப்பா" என்று பதில் வந்தது. செட் அதேதான், கம்பியும் அதேதான். இடையில் வந்தது ஒரு கல் மட்டும்.

காரணம் இதுதான்: வண்டிக் கூரையில் நிற்கும் அந்தக் கம்பி, ஆன்டெனாவில் பாதி. மறுபாதி கூரையே.

மயிலாப்பூர் தெப்பக்குளக் கரையில் நின்றிருக்கிறீர்களா? குளத்தில் தண்ணீர் இருந்தால் கோபுரம் இரண்டாகத் தெரியும், நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று. கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால்வாசி உயரமுள்ள கம்பி, அந்தக் கோபுரம் மாதிரி. தகரக் கூரைதான் அதற்குக் குளம். கம்பியில் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது, அதற்கு ஈடாகக் கூரைத் தகரத்திலும் மின்னோட்டம் ஓடுகிறது. தூரத்தில் இருக்கும் ரேடியோவுக்கு, கூரைக்குக் கீழே இன்னொரு கம்பி தலைகீழாகத் தொங்குவது போலத் தோன்றும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு ஆன்டெனா. ஃபைபர், துணி, கண்ணாடி என்றால் குளம் வற்றிய கதை. கோபுரம் அங்கேயே இருக்கிறது, நிழலைத்தான் காணோம். தண்ணீர் பாதிக் குளத்துக்கு மட்டும் இருந்தால்? கோபுரத்தின் அடி மட்டும் தெரியும், கலசம் தெரியாது. தோசைக்கல் அந்தப் பாதிக் குளம். ஏன் என்று இப்போது கணக்குப் போடலாம்.

கணக்கு பிடிக்காதவர்கள் பத்து நொடி பொறுத்துக்கொள்ளுங்கள். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். அதில் கால்வாசி கம்பியின் உயரம். கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அதே கால்வாசி அளவுக்காவது உலோகம் வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 50 சென்டிமீட்டர். 435-க்கு 17. எங்கள் கல் குறுக்கே 30, அதாவது நடுவிலிருந்து 15. அதனால் 435-இல் ஏறக்குறைய சரியாக வேலை செய்தது. 145-க்கு மாற்றினால் மறுபடி கரகரப்பு. அதற்குக் கல்யாண வீட்டுச் சமையல்காரரின் கல்தான் தேவைப்படும். இன்னொன்று, நான்ஸ்டிக் தவாவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் அது அலுமினியம், காந்தம் ஒட்டாது.

மறுபாதி இல்லாவிட்டால் மின்னோட்டம் சும்மா இருக்காது. கேபிளின் வெளிப்பின்னல், அதாவது உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை வழியாக வண்டிக்குள் இறங்கிவிடும். கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் எகிறும், பல செட்டுகள் பயந்து பவரைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இதை வெட்டச் சொன்ன எடிட்டரிடம் சண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

1953, அமெரிக்கா. செவர்லே நிறுவனம் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவருகிறது. முதல் வருடம் 300 வண்டிதான், எல்லாம் வெள்ளை. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். சரி, ரேடியோ ஆன்டெனாவை எங்கே வைப்பது? ஃபைபர் ரேடியோ அலையை மறைக்காது என்பதையே சாதகமாக்கிக்கொண்டார்கள். டிக்கி மூடியின் ஃபைபருக்குள்ளேயே கம்பி வலையைப் புதைத்து, அதையே ஆன்டெனா ஆக்கிவிட்டார்கள்! வெளியே ஒரு குச்சிகூடக் கிடையாது. நம் ஊரில் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வலை மாதிரி ஒன்றை வைத்துப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் அலை உள்ளே வர முடிந்தால், வெளியேயும் போகும். ஸ்பார்க் பிளக் என்பது என்ன? ஒரு தீப்பொறி. ஹெர்ட்ஸ் 1880-களில் ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியதும் தீப்பொறியை வைத்துத்தான். கார்வெட்டில் இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின், அதாவது ஆறு குட்டி ஒலிபரப்பு நிலையங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 150 பொறி. தகர பானெட் இருந்தால் இந்தச் சத்தத்தைப் பெரும்பாலும் அடைத்துவைக்கும். ஃபைபர் பானெட் அதைத் தடுக்கவே தடுக்காது. அதனால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டருக்கும் பிளக் வயர்களுக்கும் உலோக உறை போட்டார்கள். 1960-களின் கார்வெட்டில், ரேடியோ வேண்டாம் என்று வாங்கினால் அந்த உறையும் வராது. ஒரு பாட்டுப்பெட்டிக்காக எஞ்சினுக்கே சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள்!

ஆக, தகரம் குளமும்தான், சுவரும்தான். உங்கள் ஃபைபர் கூரையில் இரண்டுமே இல்லை. 50 வாட் செட் என்றால், அனுப்பும் ஆன்டெனாவுக்கும் உங்கள் உச்சந்தலைக்கும் நடுவில் ஃபைபர் மட்டும்தான். கூரைக்கு அடியில் உலோகம் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதைப் போடலாம்? சமையலறை அலுமினிய ஃபாயிலே போதும். கேலி செய்யாதீர்கள். 145 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் அலுமினியத்தின் மேல்தோலில் 7 மைக்ரான் ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடும். ஃபாயில் பொதுவாக அதைவிடத் தடிமன். ஃபைபர் கூரைக்குள் ஒட்டியிருக்கும் துணியைப் பிரித்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஒட்டுங்கள். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஓரத்தை மடித்துக் கோத்துவிடுங்கள். நடுவில் பசை வந்தால் மின்சாரம் கடக்காது. கோழிவலையும் சரிதான். இரண்டு மீட்டர் அலைக்கு அந்த ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு இடத்தையும் மூட முடியாதா? 50 சென்டிமீட்டரில் நான்கு செம்புப் பட்டைகளைக் கூட்டல் குறி போல ஒட்டினாலும் போதும்.

எதைப் போட்டாலும் ஆன்டெனா அடிப்பகுதியின் வெளிப்பின்னல் அந்த உலோகத்தைத் தொட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். செம்பு என்றால் பற்றவைத்துவிடலாம். அலுமினியத்தில் ஈயம் எளிதில் பிடிக்காது, அதனால் அகலமான வாஷர் போட்டு போல்ட்டால் இறுக்குங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு அரை அலை ஆன்டெனா இருக்கிறது. அதன் அடியில் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மறுபாதியைப் பெரிதாகக் கேட்காது. 145-க்கு ஒரு மீட்டர் உயரம் வரும். நம் கடற்கரையில் ஃபைபர் படகில் போகிறவர்களைக் கேளுங்கள். கடலில் அழைக்கவும் ஆபத்தில் உதவி கேட்கவும் பயன்படும் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், நம் 145-க்குப் பக்கத்தில்தான். ஃபைபர் படகில் ஏது தகரம்? அதனால்தான் படகுக்கென்று விற்கும் வி.எச்.எஃப். ஆன்டெனாக்களில் அரை அலைக் கம்பி சகஜம்.

எஃப்.எம். கேட்க மட்டும் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். பானெட் தகரமாக இருந்தால் அதன் ஓரத்தில் கிளாம்ப் போட்டுக் கம்பியை நிறுத்துங்கள். அனுப்புவதானால் லைசென்ஸ் முக்கியம், அதில் விளையாடாதீர்கள்.

உங்கள் வண்டிக் கூரை ஃபைபரா, துணியா, கண்ணாடியா என்று கமெண்டில் எழுதுங்கள். கண்ணாடிக் கூரைக்காரர்கள் நிறையப் பேர் இருந்தால் அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். இப்போதைக்குக் கயிற்றை அவிழ்க்கிறேன், இன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் தோசை.