இட்டா ஏவர்: காட்டுக் கிழவியும் மிஸ் மார்ப்பிளும் ஒரே ஆள்தான்!

[திரையில்: எஸ்டோனியா வரைபடம், நடுவில் பைடே நகரம்]

வணக்கம். 1931 ஏப்ரல் 1-ஆம் தேதி, வட ஐரோப்பாவுல இருக்கற எஸ்டோனியாவோட நடுப்பகுதியில, பைடேங்கற சின்ன ஊர்ல பிறந்தவங்க நடிகை இட்டா ஏவர். முட்டாள்கள் தினத்துல பிறந்த இந்தப் பொண்ணு, பின்னாடி ஒரு நாட்டையே சிரிக்க வெச்சாங்க.

எஸ்டோனியா அப்ப சோவியத் யூனியன்ல ஒரு பகுதி. அதனால நடிப்பு படிச்சது மாஸ்கோவுல, கீட்டிஸ் நாடகக் கல்லூரியில. எஸ்டோனிய மாணவர்களுக்குன்னே அங்க ஒரு தனி வகுப்பு நடந்துச்சு. 1953-ல படிப்பு முடிச்ச அந்த செட்ல யார் யார் இருந்தாங்க தெரியுமா? கால்யோ கீஸ்க், ஆர்வோ க்ரூசெமென்ட், கிரிகோரி க்ரோமானவ். எஸ்டோனிய சினிமாவைத் தூக்கி நிறுத்தின மூணு இயக்குநர்கள்!

[திரையில்: தாலின் நகரம், எஸ்டோனிய நாடக அரங்கம்]

அதே வருஷம் தலைநகர் தாலின்ல இருக்கற நாடக அரங்கத்துல சேர்ந்தாங்க. அதுதான் கடைசி வரைக்கும் அவங்க வீடு. எஸ்டோனிய மொழி பேசறவங்க சுமார் 11 லட்சம் பேர்தான். அவ்வளவு சின்ன மொழியில, "நான் காமெடி மட்டும்தான் பண்ணுவேன்"னு ஒரு நடிகை உட்கார்ந்துட முடியாது. மேடை, வானொலி, டிவி, குழந்தைகள் படம்னு எல்லாத்துலயும் இறங்கணும். இட்டா ஏவரும் இறங்கினாங்க.

கல்யாணம் பண்ணிக்கிட்டவரும் காமெடியில பெரிய கை. ஏய்னோ பாஸ்கின். 1980-ல தாலின்ல நகைச்சுவைக்குன்னே வனலின்னஸ்டூடியோங்கற நாடகக் குழுவைத் தொடங்கினவர் இவர்தான். அந்தக் கல்யாணம் நிலைக்கல. மகன் ரோமன் பாஸ்கினும் நடிகர், இயக்குநர்.

[திரையில்: இருண்ட காடு, குடிசை]

இப்ப 1981-க்கு வருவோம். படம் 'நுகிட்சமேஸ்', இயக்குநர் ஹெல்லே காரிஸ். காட்டுல வழி தவறின ரெண்டு குழந்தைகள் ஒரு காட்டுக் கிழவிகிட்ட மாட்டிக்கிறாங்க. அந்தக் கிழவிதான் இட்டா ஏவர். தலையில குட்டிக் கொம்பு முளைச்ச அவளோட சின்னப் பையனையும் கூட்டிக்கிட்டுத்தான் குழந்தைகள் தப்பிச்சு ஓடறாங்க.

சூனியக்காரி வேஷம்னா பயமுறுத்தினாப் போதும்னு யாரும் நினைப்பாங்க. இவங்களோட கிழவி ஒரு குடும்பத்தைக் கட்டி மேய்க்கற அம்மா. அதட்டறா, வேலை வாங்கறா, குடிசையையே ரெண்டாக்கறா. பயமும் சிரிப்பும் ஒண்ணா வரும். எனக்கு அவங்க நடிப்புலயே பிடிச்சது இதுதான். எஸ்டோனியாவுல தலைமுறை தலைமுறையா குழந்தைகள் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வளர்றாங்க.

[திரையில்: பின்னல் ஊசி, நூல்கண்டு]

அடுத்த ரெண்டே வருஷத்துல தலைகீழா ஒரு வேஷம். 1983-ல சோவியத் சினிமா நிறுவனமான மாஸ்ஃபிலிம் தயாரிச்ச, அகதா கிறிஸ்டி கதையை வெச்சு எடுத்த ரஷ்யப் படத்துல மிஸ் மார்ப்பிள்! அமைதியா பின்னல் போட்டுக்கிட்டே கொலைகளைத் துப்பறியற இங்கிலாந்துப் பாட்டி. அந்தக் காலத்து சோவியத் சினிமாவுல மேற்கத்திய ஆட்கள் வேஷம்னா எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியான்னு பால்டிக் கடலோர நடிகர்களைத்தான் தேடுவாங்க. அவங்க முகமும் தோரணையும் 'வெளிநாடு' மாதிரி இருக்கும்னு ஒரு எண்ணம். இட்டா ஏவருக்கு அப்ப வயசு ஐம்பத்து சொச்சம். எஸ்டோனியாவுக்கு வெளியில இருந்த ரசிகர்களுக்கு அவங்க முகம் பழகினது இந்தப் படத்தாலதான்.

2018-ல மகன் ரோமன் இறந்தார். 2023 ஆகஸ்ட் 9-ல, 92 வயசுல இட்டா ஏவரும் காலமானாங்க.

இந்த ரெண்டு படத்தையும் ஒரே வாரத்துல பார்த்துடுங்க. முதல்ல மார்ப்பிள், அப்புறம் காட்டுக் கிழவி. மொழி புரியலைன்னு தள்ளிப் போடாதீங்க, கிழவியோட அதட்டலுக்கு சப்டைட்டில் தேவையே இல்ல.