ஒரு காலேஜ் சீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

(பெரம்பூரில், பிளஸ் டூ முடித்த மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற அம்மாக்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசப் போகிறேன்.

ரிசல்ட் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இதற்குள் உங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வந்து யோசனை சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா ஒருவர், "கடன் வாங்கியாவது இன்ஜினியரிங் சேர்த்துவிடு" என்பார். மாமா ஒருவர், "இன்ஜினியரிங் படித்தவன்தான் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறான், பேசாமல் வேலைக்கு அனுப்பு" என்பார். இருவருமே உங்கள் மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு இருவருமே பேசவில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து, பன்னிரண்டு வருடம் வடசென்னைக் கிளைகளில் கல்விக் கடன் மேசையில் இருந்தேன். என் எதிரே வந்து உட்கார்ந்த குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு முடிவு உறுதியாகிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அதற்காக வாங்குகிற கடன், படித்து முடித்ததும் அந்தப் பிள்ளை முதல் வருடத்தில் சம்பாதிக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது என்றால் படிப்பை விட வேண்டாம், அந்தச் சீட்டை விட்டுவிட்டு வேறு சீட்டைத் தேடுங்கள்.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் பி.காம். படித்தேன். அப்பா மில் தொழிலாளி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். ஃபீஸ் ரசீதுகளை அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைத்திருந்தார். எல்லாவற்றையும் கூட்டினாலும் இன்றைக்குப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் என் படிப்பின் செலவு அந்த ரசீதுகளில் எழுதியிருந்தது மட்டும்தானா? எஸ்.எஸ்.எல்.சி.யில் என் அக்கா என்னைவிட அதிக மார்க் வாங்கியவள். கணக்கில் அவள் புலி. அவளைப் படிக்கவைக்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் சட்டை தைக்கிற இடத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். காஜா எடுத்து, பட்டன் வைத்து அவள் வாரக் கூலியாகக் கொண்டுவந்த காசில்தான் என் பஸ் பாஸும் புத்தகமும் வந்தன. எனக்கு வங்கி வேலை கிடைத்த அன்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தவளும் அவள்தான். அந்தச் சர்க்கரையை வாங்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முப்பது வயதுக்குப் பிறகுதான், ஒரு படிப்புக்கான விலையை இரண்டு பேர் கொடுத்திருக்கிறோம், அதில் ஒருத்திக்குப் பட்டமே கிடைக்கவில்லை என்று புரிந்தது. அப்பா, அம்மாக்களே, செலவைக் கணக்குப் போடும்போது அந்த வீட்டில் யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தம்பியின் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக அக்காவின் பி.எஸ்சி.யை நிறுத்துகிற வீடுகள் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

சரி, இப்போது கடனுக்கு வருவோம். பேனா வைத்திருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு வருடப் படிப்பு. வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் நீங்கள் தவணை கட்ட வேண்டாம். பல பேர் இதை "வட்டி கிடையாது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். தவணைதான் கிடையாது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவது லட்சத்துக்கு 40,000, அப்புறம் 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. மொத்தம் 1,40,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். பிள்ளைக்கு முதல் சம்பளம் 15,000 என்றால் பாதி போய்விடும். அதே பிள்ளை தன் முதல் வருடச் சம்பளமான 1,80,000-க்குள் கடனை நிறுத்தியிருந்தால், இதே மாதிரி வட்டி சேர்ந்த பிறகும் தவணை 3,200 ரூபாய் அளவில்தான் வரும். அதைக் கட்டிவிட்டு அவன் சாப்பிடலாம், வீட்டுக்கும் கொடுக்கலாம். நான் சொன்ன அளவுக்குக் காரணம் இதுதான்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரைக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கிற திட்டம் ஒன்று இருக்கிறது. தொழிற்படிப்புகளுக்கு, அதுவும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்குத்தான். கடன் வாங்கும்போதே உங்களுக்குப் பொருந்துமா என்று கிளையில் கேட்டு, வருமானச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பல பேர் அதை இழந்திருக்கிறார்கள். இன்னொன்று, 4 லட்சம் வரை ஜாமீன் கேட்கமாட்டார்கள் என்பதால் அது பிள்ளையின் கடன் மட்டுமே என்று எண்ணாதீர்கள். அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போடுகிறீர்கள். தவணை நின்றால் உங்கள் பெயரும் கெடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? 2011-ல் ஓர் ஆட்டோ ஓட்டுநர் தன் மகனோடு வந்தார். பையனுக்குக் கட் ஆஃப் 148. கவுன்சலிங்கில் போயிருந்தால் ஏதாவதொரு கல்லூரியில் மெக்கானிக்கலோ சிவிலோ கிடைத்திருக்கும். அவருக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும், அதுவும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகளைப் பார்த்தபடி இருக்கிற கல்லூரியில். டைடல் பார்க்குக்கு சவாரி போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போனவர். அவருடைய ஆசையில் என்ன தப்பு? மனைவியின் நகையை அடமானம் வைத்து டொனேஷன் கட்டினார். மீதிக்கு ஏழரை லட்சம் கடன். அன்றைய விதிப்படி மச்சான் ஜாமீன் நின்றார். ஃபைலில் கையெழுத்துப் போட்டவன் நான். பையன் நல்ல பையன்தான். ஆனால் தமிழ் வழியில் படித்தவனுக்கு முதல் வருடமே நான்கு அரியர். அதைத் தூக்கிக்கொண்டு கரையேறி, கால் சென்டரில் 12,000 ரூபாய்க்குச் சேர்ந்தான். மாதத் தவணை பத்தாயிரத்துக்கு மேல். இரண்டு வருடத்தில் கடன் வாராக்கடன் ஆயிற்று. மச்சானோடு பேச்சு நின்றுபோனது. புது ஆட்டோவுக்குக் கடன் கேட்டு அவர் வந்தபோது, பழைய கடனைக் காட்டி முடியாது என்று சொல்ல வேண்டியவனும் நானே. "அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமே சார்" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கு நான் இங்கே நின்று பேசுவது அந்தக் கேள்விக்காகத்தான்.

இதைக் கேட்டதும் மாமா சொன்னதுதான் சரி, கல்லூரியே வேண்டாம் என்று தோன்றலாம். அதுவும் தப்பு. அந்த ஆட்டோக்காரரின் பையனைக் கெடுத்தது படிப்பு கிடையாது, அந்தச் சீட்டின் விலை.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகளில், படிக்காதவர்களைவிடப் பட்டதாரிகளிடையே வேலையில்லாதவர் விகிதம் அதிகமாக வருவது உண்மை. பார்த்தீர்களா, படித்தும் வேலையில்லை என்று அதைக் காட்டுவார்கள். ஆனால் படிக்காதவர் வேலையில்லாமல் ஒரு வாரம் இருக்க முடியுமா? மறுநாளே மூட்டை தூக்கப் போய்விடுவார், கணக்கில் அவர் வேலை உள்ளவர். பட்டதாரி காத்திருக்கிறான், அதனால் வேலையில்லாதவன் என்று எண்ணப்படுகிறான். காத்திருக்க முடிவதே அவன் படித்ததால் வந்த வசதிதான்.

அப்புறம், வாசல்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2, குரூப் 1 எழுதப் பட்டம் வேண்டும். போலீஸ் கான்ஸ்டபிளுக்குப் பத்தாவது, எஸ்.ஐ.க்குப் பட்டம். வங்கி கிளார்க்குக்கும் பட்டம், ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் பட்டம். எந்தக் கல்லூரி, என்ன ஃபீஸ் கட்டினாய் என்று இந்தத் தேர்வு எதிலும் கேட்கமாட்டார்கள். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் சில ஆயிரம் ரூபாயில் வாங்கிய பட்டமும், லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய பட்டமும் அந்த விண்ணப்பத்தில் ஒரே கட்டத்தில்தான் நிரப்பப்படும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

படிக்காமலே பெரிய ஆளானவர்களை உதாரணம் காட்டுகிறவர்கள் காமராஜரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர் அவர். முதலமைச்சரானதும் அவர் செய்தது என்ன? ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்தார். தனக்குக் கிடைக்காததன் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லூரி இடம் என்பது இந்த ஊரில் போராடி வாங்கியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டுக்கு எதிராக நடந்த வழக்கும் அதன்பின் எழுந்த கிளர்ச்சியும் 1951-ல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்கள், 47 சதவீதம், இந்தியா முழுவதற்கும் 28.4. அந்த 47-ல் நம் வீட்டுப் பிள்ளையும் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் இருந்தது, பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். அதே திட்டத்தைத்தான் 2022-ல் மாற்றி, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அதுதான் புதுமைப் பெண். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், பணம் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். கல்யாணத்துக்கு என்று இருந்த காசு படிப்புக்கு வந்திருக்கிறது. என் அக்கா காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. பையன்களுக்கும் 2024-ல் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது.

விலை குறைந்த வாசல்கள் இன்னும் இருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு, ஃபீஸை அரசே கட்டும். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்கள். கவுன்சலிங் மூலம் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இன்ஜினியரிங்தான் ஆசை, மார்க் குறைவு என்றால் தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் மாதிரியான இடத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். கிண்டியிலும் அம்பத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் டிரெய்னி, காண்ட்ராக்ட் என்றே வருடக் கணக்கில் ஓட்டுகிற இடங்களும் அங்கே உண்டு. நிரந்தரம் எப்போது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். முடிந்தால் வேலையோடு அஞ்சல் வழியில் ஒரு பட்டமும் படியுங்கள்.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நன்கொடை வசூலிப்பதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் இருக்கிறது. ரசீது தராத பணம் எதுவானாலும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்று பேனர் வைத்திருந்தால், போன வருடம் உங்கள் பிள்ளை சேரப்போகும் அதே துறையில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு எவ்வளவு சம்பளத்தில் வேலை என்று எழுதிக் கேளுங்கள். அந்தக் கல்லூரி வாசல் டீக்கடையில் மூன்றாம் வருட மாணவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.

நான் பேசியது போதும். அதோ, ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறார்கள். நானும் என்னோடு வேலை பார்த்த இரண்டு நண்பர்களும் இரவு எட்டு மணி வரை இருப்போம். மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ், கல்லூரி கொடுத்த ஃபீஸ் விவரம் எது கையில் இருந்தாலும் எடுத்து வாருங்கள். உங்கள் கணக்கை உங்கள் எதிரிலேயே போட்டுப் பார்ப்போம். பிள்ளையையும் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வையுங்கள், தம்பியோ அக்காவோ இருந்தால் அவர்களையும்.