ஆர்ம் டோர்ஸ், க்ராஸ் செக்: விமானத்துக்குள் காதில் விழும் சொற்கள்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், ரெண்டு விசில் அடித்தால் கிளம்பும். யாரும் பாடம் நடத்தியதில்லை, படியில் தொங்கும் பையனுக்கும் அது தெரியும். விமானத்துக்குள்ளேயும் அப்படி ஒரு விசில் பாஷை இருக்குங்க. பீளமேட்டில் ஏறி சென்னைக்கோ சார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் காதில் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அவங்க ஏதோ அவங்களுக்குள்ளே பேசிக்கிறாங்க என்று நாமும் விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. அந்தப் பேச்சு முழுக்க நம் உயிருக்காகப் பேசப்படுவது. கேபின் க்ரூவாக, அதாவது விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்து, பிறகு அந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். கிடைத்த இடத்திலெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு வானொலியில் உங்கள் வீட்டுக்கே வந்து சொல்கிறேன்.

கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் வரும்: "கேபின் க்ரூ, ஆர்ம் டோர்ஸ் அண்ட் க்ராஸ் செக்." அடுத்த முறை அந்த நேரத்தில் கதவுப் பக்கம் பாருங்கள். போயிங் 737 என்றால், அங்கே நிற்கும் க்ரூ பிள்ளை குனிந்து, கதவின் அடியிலிருக்கும் ஒரு கம்பியை எடுத்துத் தரையிலுள்ள கொக்கிகளில் மாட்டுவாள். கதவின் சின்னக் கண்ணாடிக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டையை இழுத்து விடுவாள். ஏர்பஸ் 320 என்றால் ஒரு நெம்பு பிடியைக் கீழே தள்ளினால் போதும். கதவின் அடிப்பாகம் புடைத்துக்கொண்டிருக்கிறதே, அதற்குள்தான் மடித்து வைத்த சறுக்கு இருக்கிறது. ஆர்ம் செய்த பிறகு கதவைத் திறந்தால் அந்தச் சறுக்கு சில விநாடிகளில் காற்று நிரம்பி வெளியே விரிந்துவிடும், அதில் சறுக்கிக்கொண்டு இறங்கலாம். க்ராஸ் செக் என்பது, நான் மாட்டியதை எதிர்க் கதவில் நிற்பவர் தன் கண்ணால் பார்த்து உறுதி சொல்வது. என் கதவை நானே சரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை உண்டு.

ஊருக்கு வந்து விமானம் நின்றதும் அதே கம்பியைக் கழற்ற வேண்டும். அதுதான் டிஸ்ஆர்ம். கழற்ற மறந்து கதவைத் திறந்தால் சறுக்கு வெளியே வெடித்துக்கொண்டு கிளம்பும், ஏணியில் நிற்கிற ஆள் அடிபட்டுப் போவார். நாம் எல்லோரும் எழுந்து, மேலே இருக்கும் பையை இழுத்து, முன்னால் இருப்பவர் முதுகில் முட்டிக்கொண்டு நிற்பதும் சரியாக அந்த ஒரு நிமிடத்தில்தான். அந்த நிமிடத்தை அந்தப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்க. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் இப்படி எழுதி வைத்த மாதிரி ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அவரவர் வாயில் வருகிறபடி சொன்னால் என்ன என்று புதுப் பிள்ளைகள் கேட்பார்கள். 1977 மார்ச் 27-ஐத்தான் நான் பதிலாகச் சொல்வேன். கானரித் தீவுகளில் டெனெரீஃப் என்ற இடம், பனிமூட்டம். உத்தரவு வருவதற்கு முன்பே ஒரு போயிங் 747 விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கிவிட்டது, எதிரே இன்னொரு 747. ரெண்டும் மோதி 583 பேர் உயிர் போய்விட்டது. ரேடியோவில் பேசிய சில சொற்களை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எடுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். அதற்குப் பிறகுதான், மேலே கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே கட்டுப்பாட்டுக் கோபுரம் வாயில் எடுக்கக்கூடாது என்று ஆனது. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்றுதான் வரும். சொல்லில் கஞ்சத்தனம் உயிரைக் காப்பாற்றும் என்பதை அவ்வளவு பெரிய விலை கொடுத்துத்தான் உலகம் கற்றுக்கொண்டது.

'ஸ்டெரைல் காக்பிட்' என்று ஒன்று உண்டு. பத்தாயிரம் அடிக்குக் கீழே, ஏறும்போதும் இறங்கும்போதும், விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு பேசக்கூடாது. பாதுகாப்பு விஷயம் இல்லாமல் க்ரூவும் அவர்களைக் கூப்பிடக்கூடாது. 1974-ல் அமெரிக்காவில் சார்லட் நகரில் இறங்க வந்த விமானம் ஒன்று விழுந்தது. இறங்குகிற நேரத்தில் விமானிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. 1981-ல் அமெரிக்கா இதைச் சட்டமாக்கியது, பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. கிளம்பிக் கொஞ்ச நேரம் தண்ணீர் வரவில்லையே என்று கோபப்படாதீர்கள்.

அந்த நேரத்தில் க்ரூ சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தானே தெரிகிறது? ஜம்ப் சீட் என்கிற மடக்கு இருக்கையில், முதுகை நேராக ஒட்டி, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். அதற்குப் பெயர் 'சைலண்ட் ரிவ்யூ'. மனசுக்குள்ளே ஓட்டிப் பார்க்கிறார்கள்: இப்போது ஏதாவது ஆனால் என் கதவு எது, அதை எப்படித் திறப்பது, வெளியே தீ இருந்தால் யாரை எந்தப் பக்கம் திருப்புவது, உதவிக்குக் கூப்பிட வாட்டசாட்டமான ஆள் எந்த வரிசையில், குழந்தையோடு இருக்கும் அம்மா எங்கே, கால் முடியாத தாத்தா எங்கே. ஒவ்வொரு முறை ஏறும்போதும், ஒவ்வொரு முறை இறங்கும்போதும். அந்தப் பிள்ளையின் மனசில் அந்த நேரம் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் 379 பேர், அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். எட்டுக் கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தித்தான் சொன்னார்கள். பையை விடுங்கள் என்றார்கள், விட்டுவிட்டுப் போனார்கள். "லீவ் எவ்ரிதிங்" என்று ஒரு குரல் கேட்டால் லேப்டாப் பையும் வேண்டாம், நகை வைத்த கைப்பையும் வேண்டாம். இதை இன்னொரு தரம் சொல்கிறேன்: எதுவும் வேண்டாம், ஆள் இறங்கினால் போதும்.

இப்போது நான் நெடுநாளாகப் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன், சக்கர நாற்காலி. திருப்பூர், ஈரோடு, கோபி என்று எந்த ஊரை எடுத்தாலும் பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் இங்கே. டிக்கெட் போடும்போது "அம்மாவுக்கு வீல்சேர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் அதில் மூன்று வகை இருக்கு. டபிள்யூ.சி.எச் என்று ஆரம்பிக்கும், கடைசி எழுத்துதான் மாறும். ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார். எஸ் என்றால் படி முடியாது, உள்ளே சீட் வரைக்கும் நடந்துகொள்வார். சி என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

காங்கேயம் பக்கத்து ஆத்தா ஒருவர். சிங்கப்பூரில் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். பேத்திக்குத் தூளி கட்டின பழைய சேலையை மடித்து மடியிலேயே வைத்திருந்தார், கீழே வைக்க மனசில்லை. அங்கே கட்டிடத்திலிருந்து விமானக் கதவு வரைக்கும் நீளும் பாலம் வழியாக ஏறியதால் ஒன்றும் தெரியவில்லை. இங்கே வந்து நின்றால் அன்றைக்கு ஏணிப்படி. டிக்கெட்டில் ஆர் என்று போட்டிருந்ததால் நாற்காலி படிக்குக் கீழே காத்திருக்கிறது, ஆத்தா மேலே நிற்கிறார். "தோட்டத்துல பொழுதுக்கும் நடப்பேன் கண்ணு, படின்னாத்தான் மொழங்காலு மடங்க மாட்டீங்குது" என்றார். ஆளைத் தூக்கி இறக்கும் லாரி இருக்கிறது, ஆம்புலிஃப்ட் என்பார்கள், அதைச் சொல்லி வரவழைத்தால் நேரமாகும். எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். நானும் ஆத்தாவும் கதவடியில். "உங்களுக்கெல்லாம் எடைஞ்சலா இருக்கறனே சாமி, ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து எறங்கிக்கறேன்" என்று சேலையைச் சொருகிக்கொண்டு உட்காரவே போய்விட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனுஷி, ஊர் முழுக்க மரியாதையாய் நடத்தும் ஒருவர், ஒரு எழுத்து மாறிப்போனதால் தரையில் தேய்ந்து இறங்க நினைத்தார். லாரி வந்தது, கௌரவமாக இறங்கினார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. படி ஏறுவாரா, மாட்டாரா? டிக்கெட் போடுகிறவரிடம் இந்த ஒரு கேள்வியை நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். கோவையில் ஒரு நாள் பாலம் வரும், ஒரு நாள் ஏணி வரும். சேலம் காமலாபுரத்தில் ஏடிஆர் என்கிற சின்ன விமானம் வந்தால் கதவோடு சேர்ந்த படிதான்.

நடக்கத் தெம்பு இருக்கு, பாஷைதான் தெரியாது, வழி தெரியாது என்கிறவர்களுக்கு நாற்காலியே வேண்டியதில்லைங்க. 'மீட் அண்ட் அசிஸ்ட்' என்று கேளுங்கள், எம்.ஏ.ஏ.எஸ் என்று பதிவாகும். கூடவே ஒரு ஆள் நடந்து வருவார்.

சாப்பாட்டுக்கும் எழுத்து உண்டு, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சைவம் என்றதும் வி.ஜி.எம்.எல் என்று அழுத்தாதீர்கள். அதில் பாலோ தயிரோ இருக்காது, பெரும்பாலும் வேகவைத்த காய்தான். நம் வாய்க்கு ஏ.வி.எம்.எல்தான் சரி, நம் ஊர் மசாலாவோடு வரும் சைவம். வி.எல்.எம்.எல் என்றால் முட்டை இருக்கலாம். கிளம்ப ஒரு நாள் முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்த ஆல்பா, பிராவோ வரிசையை முழுக்கச் சொல்ல நினைத்தேன், இடமில்லை. 1956-லிருந்து உலகம் முழுக்க ஒன்றுதான் அது. போனில் பி.என்.ஆர் எண்ணைச் சொல்லும்போது பி-யும் டி-யும் ஒன்றாகவே கேட்கும், அதற்கு பிராவோ, டெல்டா. எம்-மும் என்-னும் குழம்பும், அதற்கு மைக், நவம்பர். கோவை விமான நிலையத்துக்கு சி.ஜே.பி: சார்லி, ஜூலியட், பிராவோ. சேலம் எஸ்.எக்ஸ்.வி: சியரா, எக்ஸ்ரே, விக்டர். மற்றதை வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வணக்கமுங்க.